பாதிரிக்குடியார் ரட்சை

மதுரையிலிருந்து மேலூர் போகும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டி. ஊரைச் சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். அவற்றில் ஒன்றான கழிஞ்சமலையில் ஏறிக் குகைமுன் நின்றால், பாறையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பது தெரியும். மேலே பெய்யும் மழை உள்ளே வழிந்துவிடாமல் அந்த விளிம்போடு சொட்டி விழுந்துவிடும். சமணத் துறவிகள் தங்கிய இடத்தை நனையாமல் காக்க உளி பிடித்தவர் செய்த ஏற்பாடு அது. அங்கேதான் ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் செய்தி.

அதே குன்றில், சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பம். அதன் கீழே வட்டெழுத்தில், சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்று இருக்கிறது. கல்வெட்டு அதோடு நிற்கவில்லை. இது பாதிரிக்குடியார் ரட்சை என்றும் சொல்கிறது. ரட்சை என்றால் காவல். செய்தவர் யார் என்பதோடு, காப்பது யார் பொறுப்பு என்பதையும் கல்லிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

குன்றும் குளமும் ஒன்று

அரிட்டாபட்டியில் சிற்பமும் எழுத்தும் மட்டுமல்ல. பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் எடுத்த சிவன் கோயில் இருக்கிறது. அங்கே அபூர்வமான லகுலீசர் சிற்பத்தைக் காணலாம். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள் என்று அரசு கணக்கெடுத்திருக்கிறது. சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகியவற்றுக்கு இந்தப் பாறை முகடுகள் புகலிடம். தேவாங்கும் எறும்புதின்னியும் மலைப்பாம்பும் இங்கே வாழ்கின்றன.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேரை, பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-இன் 37ஆம் பிரிவின்படி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டுதான். 2024 நவம்பரில், இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க மத்திய அரசு நடத்திய ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. எதிர்ப்பு வலுத்ததும், பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை ஆராயலாம் என்ற யோசனை டிசம்பரில் வந்தது. ஊர் மக்கள் அதையும் ஏற்கவில்லை.

அவர்கள் ஏற்காததில் ஆழமான நியாயம் உண்டு. பாறையில் விழும் மழை சுனையில் தங்கி, ஊற்றாகக் கசிந்து, ஓடையில் இறங்கிக் கண்மாயை நிறைக்கிறது. கண்மாய்த் தண்ணீர் மடை வழியே வயலுக்குப் போகிறது. வயலையும் கரட்டையும் சுற்றி இரை தேடும் வல்லூறு மாலையில் பாறைக்குத் திரும்புகிறது. இதில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது? கோட்டுக்கு அந்தப் பக்கம் வெடி வைத்தால் இந்தப் பக்கத்து ஊற்றுக் கண் திறந்திருக்குமா? இதே மேலூர் வட்டாரத்தில் கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்டதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அறிவிப்பு போதாது

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 49ஆம் பிரிவு. பாரம்பரியத்தையும் இயற்கையையும் பேணுவது குடிமக்களின் கடமை என்கிறது 51-அ பிரிவு. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் நினைவுச் சின்னம் ஒரு துறை, காடு ஒரு துறை, கனிமம் இன்னொரு துறை. மூன்றும் ஒரே குன்றின்மீது சந்திக்கும்போது, அந்தக் குன்றை முழுதாக அறிந்தவர்களாக அங்கே நிற்பவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில்காடு, ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான இடம், இரண்டாவது பல்லுயிர்த் தலமாக அறிவிக்கப்பட்டது. சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே, சாமிக்குப் பயந்து அந்தக் காட்டைக் காத்துவந்தது ஊர்தான்.

ஆகவே, தலங்களை அறிவித்துப் பட்டியலிடுவதோடு அரசு நின்றுவிடக் கூடாது. சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அமைய வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்குப் பணமும் அதிகாரமும் வேண்டும். கனிம ஏலத்துக்கு வரைபடம் தயாராகும்போதே அந்தக் குழுவைக் கேட்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. கல்வெட்டின் மேல் பெயர் கிறுக்குபவரைத் தடுக்க உள்ளூர் இளைஞர்களைக் காவலர்களாகச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும்.

ஒவ்வொரு தலத்தின் பதிவேட்டிலும், பரப்பளவுக்கும் பழமைக்கும் பக்கத்தில், யார் ரட்சை என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அதில் அந்த ஊரின் பெயரை எழுதுங்கள். கழிஞ்சமலைப் பாறையில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அதை எழுதியிருக்கிறார்கள்.