வெயிலில் வாடும் நாலுகால் தோழன்



நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பினாங்கு போன்ற ஈரக்காற்று வீசும் தீவில் நாக்கின் ஈரம் எளிதில் உலராது. சூடும் எளிதில் தணியாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் சிரமம்.

பினாங்கின் ஜெலுத்தோங் கடற்கரைச் சாலையில் நாயோடு நடப்பவர்கள் விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ செல்லுங்கள். முதலில் புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது. பூட்டிய காரில் 10 நிமிடத்திலேயே வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடிவிடும். ஒரு நிமிடம்தானே என்று நாயை உள்ளே விடாதீர்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. அது 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கடுமையாக மூச்சிரைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறிவிடுங்கள். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்புப் பிராணியின் நலனைக் காப்பது உரிமையாளரின் கடமை. சங்கிலியில் கட்டிய நாய்க்கு நிழலும் தண்ணீரும் எட்டுகின்றனவா? இன்றே பாருங்கள். வாசலில் தெருநாய்க்கும் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். கொசு பெருகாதபடி தினமும் மாற்றுங்கள்.