சைக்கிளில் செல்போன் சார்ஜ்: மழை நீர் புகாமல் தடுப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியதும் நாம் அதிகம் பயன்படுத்துவது யுஎஸ்பி போர்ட். மவுஸ், பென் டிரைவ், செல்போன் என எதையும் அதில் செருகலாம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். சைக்கிள் டயரில் உரசி ஓடும் டைனமோ 6 வோல்ட், 3 வாட். கணக்குப் போட்டால் அதுவும் அதே 500 மில்லி ஆம்பியர்தான்! ஆகவே பெடல் மிதித்தே போனை சார்ஜ் செய்யலாம். நோக்கியா நிறுவனம் 2010-ல் இப்படி ஒரு சைக்கிள் சார்ஜரை அறிமுகம் செய்தது.

எங்கள் நீடாமங்கலம் பக்கம் இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நான் அப்பாவின் பழைய சைக்கிள் டைனமோவில் ஒரு சார்ஜர் செய்து மாட்டினேன். நன்றாகவே வேலை செய்தது. ஒரே மழை, யுஎஸ்பி முனை பச்சை பிடித்துப் போய்விட்டது. வெளியூரில் இருந்த அக்காவுக்குத் தகவல் சொல்ல வைத்திருந்த ஒரே வழியும் அதோடு போச்சு.

ஏன் பச்சை பிடிக்கிறது? டைனமோ தருவது ஏசி. நான்கு டயோடுகள் கொண்ட ரெக்டிஃபயர் அதை டிசியாக மாற்றுகிறது. டிசி ஓடும் இரண்டு பின்களுக்கு நடுவே ஒரு சொட்டு மழை நீர் நின்றால் போதும், பாசிட்டிவ் பின்னில் உள்ள செம்பு கரையத் தொடங்கிவிடும். அந்தச் செம்பு உப்புதான் நாம் பார்க்கும் பச்சை. வெறும் தண்ணீர் இவ்வளவு வேகமாக அரிக்காது. தண்ணீரும் மின்சாரமும் சேர்வதுதான் வினை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பைசா செலவில்லாத வழி. வயரை போர்ட்டுக்கு நேராக மேலிருந்து கொண்டு வராதீர்கள். போர்ட்டை விடக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிச் செருகுங்கள். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். போர்ட்டின் வாய் தரையைப் பார்த்து இருக்கட்டும்.

சால்டர் செய்த இணைப்புகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்கள். அதன் மேல் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினால் இன்னும் நல்லது. சர்க்யூட் இருக்கும் டப்பாவுக்கு சிலிகான் பூசுபவர்கள் கவனிக்கவும்: வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். உலரும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலமே செம்பை அரித்துவிடும். கடையில் 'நியூட்ரல்' வகை என்று கேட்டு வாங்குங்கள். டப்பாவை முழுக்க மூடிவிடாமல் அடியில் சிறு துளை ஒன்று விடுங்கள். உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற வேண்டுமல்லவா?

போனின் சார்ஜிங் போர்ட் நனைந்துவிட்டால் உடனே சார்ஜ் போடாதீர்கள். போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். அரிசி டின்னுக்குள் போட வேண்டாம். நெல் விளையும் ஊர்க்காரன் சொல்கிறேன், தவிடும் குருணையும் போர்ட்டில் அடைத்துக்கொள்ளும்!