சம்பளச் சீட்டை வாசிக்கப் பழகுவோம்

மலையகத் தொழிலாளியின் வாழ்க்கையை ஒரு காலத்தில் 'துண்டு' என்ற சிறு சீட்டு ஆட்டிப்படைத்தது. அவர் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கணக்கை வைத்திருந்தவர் கங்காணி. சுமந்தவருக்கோ பெரும்பாலும் எழுத்து வாசிக்கத் தெரியாது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் இன்று மாதந்தோறும் கைக்கு வருவது சம்பளச் சீட்டு. பலர் கடைசியிலுள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பணத்தைப் பற்றிய முதல் பாடம் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது.

முதலில், எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வேலைக்குப் போன நாட்களைச் சுவர்க் கலண்டரில் குறித்து வந்தால், அரைப்பேர் போட்ட நாளும் விடுபட்ட நாளும் உடனே தெரியும்.

அடுத்தது கழிவுகள். சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம், கடன் தவணை ஆகியவை கையை விட்டுப் போகும் பணம். ஊழியர் சேமலாப நிதி அப்படியல்ல. அது உங்கள் சேமிப்பு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த இந்த நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், நிர்வாகம் 12 வீதம் செலுத்த வேண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். 20 நாளுக்கு 27,000 ரூபா. உங்கள் பங்கு 2,160. நிர்வாகத்தின் பங்கு 3,240. ஆக, மாதம் 5,400 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும். இதைத் தவிர ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் 3 வீதம், அதாவது 810 ரூபா, கட்ட வேண்டும்.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் வேறொரு பெயர் என்றிருந்தால் பணம் கைக்கு வரத் தாமதமாகும். அதை இன்றே திருத்திக்கொள்ளுங்கள். சேவைக்காலப் பணம் இதற்கு வேறு. ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது கிடைக்க வேண்டும். 30 வருடச் சேவைக்கு 420 நாள் சம்பளம்!

லயத்து வாசலுக்கு வரும் வாரக் கடனையும் இதே கண்ணோடு பாருங்கள். 50,000 ரூபா கடன், வாரம் 1,300 வீதம் 52 வாரம் என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடிப்பது 67,600 ரூபா. மேலதிகமாகப் போகும் 17,600 ரூபா, ஏறக்குறைய பதின்மூன்று நாள் கொழுந்து பறித்த கூலி. "வாரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பதோடு நில்லாமல், "மொத்தம் எவ்வளவு?" என்றும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சகோதரிகளே! வீதக் கணக்குப் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த சம்பள நாளில் சீட்டை அதன் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தொகை சரியில்லையென்றால் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பதில் இல்லையேல் தொழில் அலுவலகத்தை நாடுங்கள். பழைய சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் பக்கம் பேசப்போகும் சாட்சி அவைதான்.