விட்டுக்கொடுத்தலும் மறத்தலும்

1910ஆம் ஆண்டு ஜப்பான் கொரியாவைத் தன் பேரரசுடன் இணைத்துக்கொண்டது. 1945வரை அந்த ஆட்சி நீடித்தது. 1965இல் உறவு புதுப்பிக்கப்பட்டபோது 30 கோடி டாலர் நன்கொடையும் 20 கோடி டாலர் கடனும் அளித்து, கோரிக்கைகள் யாவும் தீர்ந்தன என ஜப்பான் கருதியது. ஆயினும் கட்டாய உழைப்புக்கு ஆளானோருக்கு ஜப்பானிய நிறுவனம் இழப்பீடு தரவேண்டுமெனத் தென்கொரிய உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, காரணம் வேறெனக் கூறி, மின்னணுத் தொழிலுக்கான மூலப்பொருள்களின் ஏற்றுமதிக்கு ஜப்பான் கட்டுப்பாடு விதித்தது. தென்கொரிய அறக்கட்டளையே இழப்பீட்டை வழங்கும் என அந்நாட்டரசு 2023இல் அறிவித்த பின்னரே உறவு சீர்படலாயிற்று.

இதனை யாருடைய வழக்கோ என நாம் கடந்துவிட இயலாது. அதே ஜப்பானியப் படையின் கட்டாய உழைப்பில் மாண்டோருள் நம்மவரும் உளர். கன்னிவாடியை உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் எளிய மக்கள் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களை அங்குக் கொண்டுசென்றது ஆங்கிலேயரின் ஆட்சி. அத்தோட்டங்களிலிருந்து அவர்களைச் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச் சென்றது ஜப்பானியரின் ஆட்சி. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அங்கு இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் மட்டும் அவர்களுள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியுள்ளனர். காலராவுக்கும் பசிக்கும் இரையான ஆசியத் தொழிலாளரின் தொகையோ இதனினும் பன்மடங்கு. அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். பெரும்பாலோரின் பெயர்கூடப் பதிவாகவில்லை.

கொரியரின் துயரம் அரசுகளின் பேச்சுவார்த்தையில் இடம்பெற, இவர்களின் துயரம் ஏன் இடம்பெறவில்லை? 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் கையொப்பமிட மறுத்த இந்தியா, 1952 ஜூன் 9 அன்று ஜப்பானுடன் தனி உடன்படிக்கை செய்து, தன் குடிமக்களின் கோரிக்கைகளையும் சேர்த்தே கைவிட்டது. மலேசியா 1967இல் அந்நாளைய 2.5 கோடி வெள்ளி மதிப்புள்ள இரு கப்பல்களைப் பெற்று வழக்கை முடித்துக்கொண்டது. அவை தொழிலாளர் குடும்பங்களுக்குப் பயன்படவில்லை. இந்திய அரசு ஜப்பானுடன் பேசுகையில் நினைவுகூர்வது இந்திய தேசிய இராணுவத்தையும், டோக்கியோ விசாரணையில் நீதிபதி ராதாவினோத் பால் வழங்கிய மாறுபட்ட தீர்ப்பையுமே. 2007இல் இந்தியா வந்த பிரதமர் ஷின்சோ அபே கொல்கத்தாவில் பாலின் மகனைச் சந்தித்தார். நட்புக்கு உதவும் நினைவு போற்றப்பட்டது. இடையூறான நினைவு ஒதுங்கிற்று.

1952ஆம் ஆண்டு உடன்படிக்கையை நாம் பழிக்கவில்லை. தோற்ற ஆசிய நாடொன்றை மேலும் தாழ்த்தலாகாது என்ற எண்ணம் உயர்ந்ததே. ஆனால் அரபு மொழியில் பிழையை விட்டுக்கொடுப்பது 'அஃப்வு', மறந்துவிடுவது 'நிஸ்யான்'. இரண்டும் ஒன்றல்ல. கோரிக்கையைக் கைவிடும் உரிமை அரசுக்கு உண்டு. இறந்தோரின் பெயரைக் கைவிடும் உரிமை எவருக்கும் இல்லை.

2023ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் தமிழர்க்கென ஒரு நடுகல் எழுந்தது. அரசுகள் விட்ட பணியை மக்கள் தொடங்கியுள்ளனர். மலேயா சென்று திரும்பாதவரின் பெயர் நம் இல்லத்துப் பழங்கடிதங்களில் இருக்குமாயின், அதனை எழுதிவைப்பது நம் கடன்.