டிக்கி ஆசனம்

காரின் பின்புறத்துப் பெட்டியை நாம் ‘டிக்கி’ என்கிறோம். அச்சொல் முதலில் பெட்டியைக் குறிக்கவில்லை. கூரைக்கு வெளியே, பின்புறத்தில் மடித்து வைக்கப்பட்ட ஆசனத்தையே ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர். அமெரிக்கர் அதனை ‘ரம்பிள் சீட்’ என்றனர். குதிரை வண்டியில் வேலைக்காரனுக்கென ஒதுக்கிய பின்னாசனமே இதன் முன்னோடி.

1928 முதல் 1931 வரையான போர்ட் ‘மொடல் ஏ’ கார்களிற் சில இவ்வாசனத்துடனும், சில வெறும் பெட்டியுடனும் வந்தன. பெட்டிக் காரை உடையோர் சிலர் தம் கையாலேயே ஆசனம் அமைக்க விழைகின்றனர். வேலை எளிதெனத் தோன்றும். மூடியின் மேல் விளிம்பிலுள்ள பிணைச்சல்களைக் கீழ் விளிம்புக்கு மாற்றினால், மூடி பின்னோக்கித் திறந்து முதுகணையாகிவிடும். ஏறுவதற்குப் பின் மட்காட்டின்மேல் ஒரு மிதிபடி வேண்டும்.

ஆனால், பெட்டியின் மூடி தன் பாரத்தை மட்டுமே தாங்கப் பிறந்தது. உள்ளே இரும்புச் சட்டமும், திறந்த மூடியை இழுத்துப் பிடிக்கும் பட்டைகளும் இல்லையேல், மனிதன் சாய்ந்ததும் பிணைச்சல் பிய்ந்துவிடும். தலைக்கு மேற் கூரையில்லை. பின்னால் வரும் வண்டி மோதினால் தடுப்பாரில்லை. அவ்வாசனத்தைக் கண்டதும் முதலில் ஓடிவந்து ஏறுவோரோ குழந்தைகள்!

பழமையைப் புதுப்பிப்போர் அழகை மட்டும் அளந்தாற் போதாது. சரக்கு ஏற்றிய இடத்தில் உயிரை ஏற்றுகிறோம் என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.