விதைக்கு ஊர் உண்டு

ஸ்காட்ஸ் பைன் மரத்தின் விதை ஓர் அரிசி மணியைவிடச் சிறியது. ஸ்பெயினில் விளைந்ததையும் சைபீரியாவில் விளைந்ததையும் உள்ளங்கையில் போட்டுக் காட்டினால், எது எந்த ஊர் என்று வாங்குகிறவரால் சொல்ல முடியாது. நெல் விதை ஏமாற்றினால் நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். மர விதை ஏமாற்றியது தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் விற்றவர் கடையையே மூடியிருப்பார். மர விதைக்கும் நாற்றுக்கும் சட்டம் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஐரோப்பா இதைப் பட்டுத்தான் கற்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனுக்கு ஜெர்மனியிலிருந்து பைன் விதை மலிவாக வந்து இறங்கியது. நெடுநெடுவென்று நிமிர்ந்த மரத்தில் ஏறிக் காய் பறிப்பது கடினம். குட்டையாகக் கிளை பரப்பிய கோணல் மரத்தில் எளிது. விலை மலிய வேண்டுமென்றால் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த விதைகளிலிருந்து எழுந்த மரங்கள் வளைந்தும் நோயுற்றும் நின்றன.

கோணலோடு தொல்லை முடியவில்லை. குளிர் நாட்டு மரங்கள் இரவின் நீளத்தை உணர்ந்து ஆண்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்பவை. தெற்கத்தி மரத்துக்கு அதற்கு நீண்ட இரவு வேண்டும். வடக்கே கோடை இரவுகள் குறுகியவை. அவை போதிய அளவு நீள்வதற்குள் உறைபனி வந்துவிடும். முற்றாத குருத்து கருகும். இந்தக் குணம் மண்ணால் வருவதல்ல, பரம்பரையால் வருவது. பிரான்ஸில் வில்மொரான் என்பவர் 1820-களிலேயே பல ஊர்ப் பைன் விதைகளை ஒரே தோட்டத்தில் நட்டு வளர்த்தார். ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் ஒவ்வொன்றும் தன் ஊர்க் குணத்தை விடவில்லை.

ஸ்வீடன் அரசு இறக்குமதி விதைக்கு வரி போட்டது. பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெளிநாட்டு விதைக்கு இயோசின் என்ற சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும் என்றது. விதைச் சட்டங்களில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். ஆய்வுக்கூடம் வேண்டாம், அதிகாரி வேண்டாம். படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிகூட மூட்டையைப் பிரித்ததும் கண்டுகொள்வார்.

இன்று சாயத்தின் வேலையைச் சான்றிதழ் செய்கிறது. ஐரோப்பிய நாடுகளின் பொது விதி 1966-ல் பிறந்தது. இப்போதைய வடிவம் 1999-ஆம் ஆண்டினது. விதை பறித்த இடத்துக்கு ஒரு மூலச் சான்று தரப்படும். அதன் எண் விதையோடு நாற்றங்காலுக்கும், நாற்றோடு நடுபவரிடமும் போகும். தரம் நான்கு. விளைந்த வட்டாரம் மட்டும் தெரிந்த விதைக்கு மஞ்சள் சீட்டு; நல்ல மரக்கூட்டம் என்று தேர்ந்த காட்டிலிருந்து வந்ததற்குப் பச்சை; தாய்மரங்களைத் தனித்தனியே பொறுக்கி அமைத்த விதைத் தோட்டத்துக்கு இளஞ்சிவப்பு; வளர்த்துச் சோதித்து மேன்மை உறுதியானதற்கு நீலம். மஞ்சள் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்க் காட்டை மீட்க நினைப்பவருக்கு அதுவே சரியான விதையாக இருக்கலாம்.

அதே 1966-ல் இந்தியாவும் விதைச் சட்டம் இயற்றியது. உணவுப் பயிர், எண்ணெய் வித்து, பழம், காய்கறி, பருத்தி, தீவனம் என்று அதன் வரையறை நீள்கிறது. நாற்றுகூட உண்டு. காட்டு மரம் இல்லை. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சவுக்கிலும் தைலமரத்திலும் தேர்ந்த குளோன்களை உருவாக்கித் தந்திருக்கிறது, அறிவியலுக்குக் குறையில்லை. ஆனால் கடலூர்ப் பக்கத்து விவசாயி ஒரு நாற்றுப் பண்ணையில் சவுக்கு நாற்று வாங்கும்போது, அது அந்தக் குளோன்தானா என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லே பெரும்பாலும் ஆதாரம். சவுக்கென்றால் சில ஆண்டுகளில் வெட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். தேக்கு நட்டவர் என்ன செய்வார்? தாய்மரம் எந்த ஊர், விதை எந்த ஆண்டு பறித்தது: நாற்றுப் பையில் இந்த இரண்டு வரியையாவது சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.