சிங்க் பொருத்தப் பலகையை வெட்டும் முன்

மும்பையில் சமையல் மேடை என்றால் பெரும்பாலும் கடப்பாக் கல் அல்லது கிரானைட்தான். செம்பூரில் நாங்கள் இருக்கும் வீட்டில் கல் மேடை பாதியோடு நின்றுவிட்டது. மீதி இடத்தில் பலகை அடித்து, சன்மைக்கா ஒட்டி, ஸ்டீல் சிங்க் பொருத்தினோம். மூன்றாவது மழைக்காலத்தில் சிங்க்கைச் சுற்றிப் பலகை உப்பிவிட்டது. கழற்றிப் பார்த்தால், வெட்டிய விளிம்பில் ஒரு பூச்சும் இல்லை! “சீக்கிரம் முடியுங்கள்” என்று தச்சரை விரட்டியவன் நான்தான்.

சன்மைக்கா என்பது பிசினில் தோய்த்த காகித அடுக்குகளைச் சூட்டில் அழுத்திச் செய்த மெல்லிய தகடு. மேலே நிற்கும் தண்ணீரைத் துடைத்துவிடலாம். வெட்டிய ஓரத்தில் புகுந்தால் உள்ளே இருக்கும் மரம் குடித்துவிடும்.

இம்முறை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்கினோம். சிங்க்கைக் கவிழ்த்து வரைந்த கோட்டில் வெட்டக்கூடாது. அதன் விளிம்பு பலகைமேல் உட்காரும்படி உட்பக்கம் தள்ளி வேறு கோடு போட வேண்டும். மூலைகளில் முதலில் துளையிட்டு வளைவாக வெட்ட வேண்டும். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். சாதாரண ஜிக்சா பிளேடுக்குப் பல் மேல்நோக்கி இருக்கும். சன்மைக்கா தெறிக்காமலிருக்க அடிப்பக்கத்திலிருந்து வெட்டுவது நல்லது. முடியும் தறுவாயில் நடுத்துண்டை ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு விளிம்பு முழுதும் இருமுறை வார்னிஷ். நன்றாகக் காய்ந்தபின் சிங்க்கை வைத்து, சுற்றிலும் சிலிகான்.

இதற்கு இரண்டு நாள் ஆனது. பாத்திரங்களைக் குளியலறையில் கழுவிய என் மனைவி முணுமுணுக்கத்தான் செய்தாள். அடுத்த ஜூலையில் சிங்க்கின் அடியில் கை வைத்துப் பார்த்தவளும் அவளே. “காய்ந்துதான் இருக்கு” என்றாள்.